பாகாயத்தில் 35 நாட்கள்

வேலூருக்குப் போய்வராத குடும்பம் நம் சபைகளில் அபூர்வம். மும்பையில் இருந்தாலும், கொல்கத்தாவில் இருந்தாலும், ராஞ்சியில் இருந்தாலும், பெரிய வியாதி என்று ஒன்று வந்துவிட்டால் நமக்கு முதலில் ஞாபகம் வருகிற ஊர் அதுதான். இருதயத்துக்காகவும் சிறுநீரகத்துக்காகவும் போய்வந்தவர்கள் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லுகிறார்கள். ஆனால் காட்பாடியிலிருந்து வருகிற நகரப் பேருந்துகளில் சில, ஊரின் நடுவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டி, இன்னும் தெற்கே போய், குன்றுகளின் அடியிலுள்ள பாகாயம் என்ற இடத்தில் ஆட்களை இறக்கிவிடுகின்றன. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் அங்கே இருக்கிறது. அங்கே போய்வந்த ஒருவராவது சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டால், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம் என்பார்கள்.

நாங்களும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் 2024-ஆம் ஆண்டு மே மாதம் புறப்பட்டோம். இப்போது என் தங்கையே, "எழுதுங்கண்ணே, பேரை மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டபடியால் எழுதுகிறேன்.

அவள் தாராவியில், 90 அடி சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் குடியிருக்கிறாள். அந்தப் பக்கத்துக் குடித்தனங்களைப்பற்றி உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும். சில மணி நேரந்தான். அதற்குள் பிடித்து வைத்த ஒரு நீல டிரம்மும் நாலு குடமும் அன்றைய நாள் முழுவதற்கும் போதவேண்டும். கை கழுவிக் கழுவித் தீராத வியாதி அவளுக்கு வந்தது இப்படிப்பட்ட வீட்டில் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முதலில் அதைச் சுத்தம் என்றே எண்ணினோம். பிறகு காலை 10 மணிக்குள் டிரம் காலியாகத் தொடங்கியது. அடுத்த வீட்டில் ஒரு குடம், எதிர்வீட்டில் ஒரு குடம் என்று கடன் கேட்டாள், கடன் சண்டையாயிற்று. கடையில் வாங்கிய ரூபாய் நோட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட்டாள். 11 வயது மகன் பள்ளியிலிருந்து வந்தால், சந்தில் எல்லாரும் பார்க்க வாசலிலேயே உடுப்பைக் களைய வேண்டும். அவளுடைய விரல்களின் இடுக்கில் தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. மாப்பிள்ளை நல்ல மனுஷர். சண்டை வேண்டாமென்று சம்பள நோட்டுகளைத் தாமே கழுவிக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்.

நான் செய்தது அதைவிட மோசம். எனக்கு 14 வருஷம் இளையவள் அவள். நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. இரவு 10 மணிக்குமேல் எனக்குப் போன் வரும். "அண்ணே, இன்னைக்கு பஸ்ஸில கம்பியப் பிடிச்சேன். கழுவிட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் வராதுல்ல?" "ஒண்ணும் வராதும்மா, தூங்கு" என்பேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே கேள்வி. ஒரே இரவில் 14 முறை பதில் சொன்னதுண்டு. அதை அன்பு என்றுதான் எண்ணியிருந்தேன்.

சபையார் ஜெபித்தார்கள். சிலர் அசுத்த ஆவி என்றார்கள். சிலர் உபவாசத்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் பாஸ்டர் ஐயா மாத்திரம், "ஜெபத்தை நான் பார்த்துக்கொள்ளுகிறேன், நீங்கள் டாக்டரிடம் போங்கள். தினமும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற நான் உங்களை எப்படித் தடுப்பேன்?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

டாக்டர்கள் இதை ஓ.சி.டி. என்கிறார்கள், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். மாத்திரை எழுதிக்கொடுத்து, கூடவே வாரம் ஒருமுறை கவுன்சலிங் போகச் சொன்னார்கள். சனிக்கிழமைதோறும் சயானில் லோக்கல் ஏறி, தாதரில் இறங்கி, பாலம் ஏறி மறு லைன் மாறி, அந்தேரியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். நடுவில் 50 நிமிடம் பேச்சு. நாங்கள் போகவேண்டியிருந்த 22 சனிக்கிழமைகளில் போனது 13. ஒருநாள் மழை, ஒருநாள் மெகா பிளாக், ஒருநாள் மாப்பிள்ளைக்கு ஓவர்டைம், ஒருநாள் வண்டியின் கைப்பிடியைத் தொடமுடியாமல் அவளே பிளாட்பாரத்திலிருந்து திரும்பிவிட்டாள்.

அங்கே பேசிய அம்மையார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பொறுமைசாலி, தொழில் தெரிந்தவர். ஆனால் அவருக்கு இந்தியும் மராட்டியும் ஆங்கிலமும். என் தங்கைக்குக் கடைவீதி இந்தி. காய்கறி விலையை இந்தியில் பேரம் பேசிவிடலாம். "என் பிள்ளை என்னாலே செத்துப்போயிருவானோன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு" என்பதை எந்த இந்தியில் சொல்வது?

மொழியைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது; அதை அந்த அம்மையாரே எங்களுக்கு விளக்கினார். இந்த நோய் ஒரு வட்டம். பயம் வருகிறது, கழுவினால் பயம் தணிகிறது, தணிந்தது கழுவினதால்தான் என்று மனது கற்றுக்கொள்ளுகிறது, அடுத்த முறை பயம் இன்னும் பலமாக வருகிறது. சிகிச்சை என்பது அந்தப் பயத்துக்குரிய பொருளைத் தொட்டுவிட்டு, கழுவாமல் இருந்து, பயம் ஏறுவதையும் அது நினைத்தபடி ஒன்றும் நடக்காமல் போவதையும் தானே கண்டறிவது. சனிக்கிழமை ஒரு மணி நேரம் அதைப் பழகுகிறாள். ஞாயிறுமுதல் வெள்ளிவரை வீட்டில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து நோட்டைக் கழுவிக் கொடுக்கிறோம், போனில் பதில் சொல்லுகிறோம். ஒரு மணி நேரம் கற்றது ஆறு நாளில் அழிந்துபோகிறது. "இவர்களுக்கு வாரம் ஒருமுறை போதாது. குடும்பத்தோடு தங்கி, அவர்கள் மொழியிலேயே, தினந்தோறும் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்லி வேலூருக்குக் கடிதம் கொடுத்தவர் அவர்தான்.

நீங்கள் மும்பையிலிருந்து போவதாயிருந்தால், சென்னை வண்டியில் ஏறி அரக்கோணத்தில் இறங்கி, அங்கே ஜோலார்பேட்டை மார்க்கமாகப் போகிற வண்டிக்கு மாறலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும். என் தங்கை அந்த நேரமெல்லாம் ஒரு வாய் சாப்பிடவில்லை. சாப்பிட்டால் ரயிலின் கழிப்பறைக்குப் போகவேண்டி வருமே என்ற பயம். கையோடு 12 பாட்டில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள்; சோலாப்பூர் வருமுன்னே 9 பாட்டில் தீர்ந்துவிட்டது, குடித்து அல்ல. எதிரே உட்கார்ந்திருந்த ஓர் ஆந்திரத்துப் பெரியவர் ஒரு வாழைப்பழத்தை நீட்டியபோது அவள் அழுதுவிட்டாள். அவர் பயந்துபோய்ப் பழத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அரக்கோணத்துக்கு மேற்கே சோளிங்கர், வாலாஜா ரோடு என்று ஸ்டேஷன்கள் கடக்கும்போது, பாறைக்குன்றுகள் இருபுறமும் தொடங்கிவிடும். காட்பாடியில் இறங்கி வேலூருக்குப் போகப் பாலாற்றைக் கடக்கவேண்டும். வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைப்பற்றித் தாங்களே சொல்லிச் சிரிக்கிற ஒரு வழக்கு உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. கோயிலைப்பற்றிய பகுதி இப்போது பொருந்தாது. கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் மறுபடியும் மூர்த்தியை வைத்துவிட்டார்கள். ஆறு மாத்திரம் நாங்கள் போன மே மாதத்தில் வழக்குப்படியே மணலாய்க் கிடந்தது. பாலத்தின்மேல் பேருந்து போகும்போது என் தங்கை அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க எப்படிண்ணே கழுவறது?" என்று கேட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நீங்கள் நடந்தால், தமிழ்நாட்டில் இருக்கிறோமா வங்காளத்தில் இருக்கிறோமா என்று சந்தேகம் வரும். லாட்ஜுகளின் பலகைகளில் வங்காள எழுத்து. சாப்பாட்டுக் கடைகளில் மீன் குழம்பும் சோறும் வங்காள முறையில். அசாம், ஜார்க்கண்ட், திரிபுரா என்று பல மாநிலங்களின் மனிதர்களெல்லாம் கையில் எக்ஸ்ரே உறையோடு நடக்கிறார்கள். இந்தக் காட்சிக்கும் நான் எழுதவந்த விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டு. அகர்தலாவிலிருந்து வருகிறவரை, அடுத்த வாரம் இதே கிழமை வாருங்கள் என்று அனுப்பமுடியாது. வந்தவர் இருந்து, முடித்துக்கொண்டு போகவேண்டும். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு வாரச் சிகிச்சை என்பது இல்லாத சிகிச்சைதான்.

பாகாயத்துக்குப் பேருந்து தொரப்பாடி வழியாகப் போகிறது. ஊரின் இரைச்சல் குறைந்து, குன்றுகள் அருகே வந்து, மரங்கள் தோன்றுகின்றன. கல்லூரி வளாகம் ஒரு பக்கம். மனநல மையம் ஒரு பக்கம். என் தங்கை எதிர்பார்த்துவந்த கம்பிக்கதவும் கூச்சலும் அங்கே இல்லை. மரநிழலில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யார் நோயாளி, யார் உடன் வந்தவர் என்று முதல் நாள் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு பெரியவரைப் பரிதாபமாகப் பார்த்து, எத்தனை நாளாக இந்த வியாதி என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து அதையே கேட்க வாயெடுத்திருந்தாராம்.

அங்கே ஒரு விதி உண்டு. நோயாளியைத் தனியாக விட்டுவிட்டுப் போகமுடியாது. குடும்பத்தார் ஒருவர் கூடவே தங்கவேண்டும். இந்த விதி இன்று நேற்று வந்ததல்ல. கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் 1950-களின் பிற்பகுதியில் இந்த மையத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே குடும்பத்தைச் சேர்த்துத்தான் வைத்தியம். அதே பத்தாண்டில் பஞ்சாபில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில், டாக்டர் வித்யா சாகர் என்பவர் நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை மைதானத்தில் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். இடநெருக்கடியும் ஆள்பற்றாக்குறையும் அங்கே இருந்தன. ஆனால் விளைவு எதிர்பாராதது. உறவினர் கூட இருந்தவர்கள் சீக்கிரம் குணமடைந்து வீடு திரும்பினார்கள். வேலூரில் செய்துவந்ததைப்பற்றி 1963-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் இதழிலே கட்டுரை வந்தது. மேல்நாட்டில் அக்காலத்தில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதே வழக்கமாயிருந்தது. நம் நாட்டில் ஏழ்மையிலிருந்து பிறந்த ஒரு முறை, அவர்கள் படித்துப் பார்க்கவேண்டிய பாடமாயிற்று.

இப்போது அந்த 35 நாட்களுக்கு வருகிறேன். முதல் சில நாட்கள் கேள்விகளிலேயே கழிந்தன. ஓர் இளம் உளவியலாளர், தமிழ்ப்பெண், என் தங்கையோடு உட்கார்ந்து அவள் பயப்படுகிற பொருள்களையெல்லாம் பட்டியல் எழுதவைத்தார். ஒவ்வொன்றுக்கும் 100-க்கு எத்தனை மதிப்பெண் பயம் என்று அவளே போடவேண்டும். கதவுத் தாழ்ப்பாள் 30. ரூபாய் நோட்டு 50. பேருந்துக் கம்பி 65. செருப்பின் அடிப்பாகம் 80. கழிப்பறைக் கதவைத் தொட்ட கையால் மகனுடைய சட்டையைத் தொடுவது 100. மகனை நாசரேத்தில் ஆச்சி வீட்டில் விட்டிருந்தோம். அவனுடைய பள்ளிச் சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

பிறகு தினமும் வேலை. காலையில் உளவியலாளரோடு, மாலையில் என்னோடு. தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் முதல் நாள் அரைமணி, மறுநாள் இரண்டு மணி. பயம் எத்தனை என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதவேண்டும். 70 என்று தொடங்கியது 40 ஆகி, 20 ஆகி இறங்குவதை அவள் கையெழுத்திலேயே நான் பார்த்தேன். சில நாள் இறங்கவேயில்லை. அந்த நாளும் வீணல்ல என்றார்கள், பயத்தோடே சாப்பிடவும் தூங்கவும் முடிகிறது என்று கற்றுக்கொண்டாளாம். சனிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. திங்களன்று தோற்றால் செவ்வாயன்று காலை மறுபடியும் அதே தாழ்ப்பாள். மாத்திரையும் தொடர்ந்தது; அதைக் குறைக்கிற பேச்சே அங்கே எழவில்லை.

எனக்கும் தனியாக வகுப்பு நடந்தது. "ஐயா, நீங்கள் இனி இவர்களுக்குப் பதில் சொல்லக்கூடாது" என்றார் அந்த இளம்பெண். கேட்டவுடன் எனக்குக் கோபம் வந்தது. பெற்றோர் இல்லாத பிள்ளை, அண்ணனும் பேசாவிட்டால் யாரிடம் போவாள்? அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்கள் சொல்லுகிற ஒவ்வொரு 'ஒன்றும் வராது'வும் அவர்களுக்கு இன்னொரு முறை கை கழுவுவது மாதிரி. தண்ணீரில் கழுவுவதை நிறுத்திவிட்டு உங்கள் வாயில் கழுவுகிறார்கள்." பிரியமானவர்களே, அந்த வார்த்தை என்னை உட்காரவைத்துவிட்டது. 22 வாரத்தில் என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. ஏனென்றால் நான் அந்தேரிக்குப் போய் வெளி பெஞ்சில் செய்தித்தாள் வாசித்தவன். நோய் இருந்த வீட்டிலிருந்து ஒருத்தி மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

16-ஆவது நாள் செருப்பின் அடியைத் தொட்டாள். தொட்ட கையோடு ஒரு முறுக்கை எடுத்துச் சாப்பிடவேண்டும். சாப்பிட்டாள். அன்று மாலை மரத்தடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள். நான் சொல்லிக்கொடுத்தபடி, "அது எனக்குத் தெரியாதும்மா, உன் நோட்டுல எத்தனைன்னு எழுது" என்றேன். மறுபடி கேட்டாள். ஏழு முறை கேட்டாள். எட்டாவது முறை எழுந்துபோய்விட்டாள். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. பக்கத்தில் தன் மகனோடு வந்து தங்கியிருந்த ஒரு வங்காளத்துத் தாய், மொழி தெரியாமலே எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் தம் மகனுக்குப் பதில் சொல்லாமலிருக்கப் பழகிக்கொண்டிருந்தவர்தான்.

மூன்றாம் வாரம் மாப்பிள்ளை 14 நாள் விடுப்பில் வந்தார். அவருக்கும் வகுப்பு. பேருந்தில் இருவரையும் வேலூர் வரை அனுப்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போய், கடையில் சில்லறை வாங்கி, அந்த நோட்டைக் கழுவாமல் பர்ஸில் வைத்துத் திரும்பச் சொன்னார்கள். 31-ஆவது நாள் கழிப்பறைக் கதவைத் தொட்ட கையால் மகனுடைய சட்டையை மடித்துவைத்தாள். அன்று அவள் நோட்டில் எழுதிய முதல் எண் 95. இரவு படுக்கும்போது 35.

இப்படி நாட்களைச் சேர்த்துச் சிகிச்சை செய்வது வேலூரில் மட்டும் உள்ள வழக்கமல்ல. நார்வே நாட்டில் பெர்கன் நகரில், இதே நோய்க்கு 4 நாள் சிகிச்சை நடக்கிறது. மூன்றுமுதல் ஆறு நோயாளிகள், அதே எண்ணிக்கையில் சிகிச்சையாளர்கள். நடு இரண்டு நாளும் காலைமுதல் மாலைவரை பயந்த பொருள்களோடேயே பழகுகிறார்கள். உறவினரையும் ஒருமுறை அழைத்து விளக்குகிறார்கள். சுவீடனின் ஓஸ்ட் என்ற உளவியலாளர், சிலந்தி போன்ற ஒரே பொருளின்மேல் உள்ள பயத்தை மூன்று மணி நேர ஒரே அமர்வில் போக்கமுடியும் என்று 1980-களிலேயே காட்டினார். விபத்து, வன்முறை ஆகியவற்றின் அதிர்ச்சி விடாமல் துரத்துகிறவர்களை வைத்து இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்து 2014-ல் வெளியிட்டார்கள். ஒரு வாரத்தில் நெருக்கிச் செய்த சிகிச்சையில் 100-க்கு 73 பேரும், அதே சிகிச்சையை மூன்று மாதம் வாரந்தோறும் பெற்றவர்களில் 77 பேரும் தேறினார்கள். ஏறக்குறைய ஒன்றுதான். குறுகிய காலத்தில் செய்ததால் கெட்டுப்போகவில்லை. அவ்வளவே அதன் பொருள். வாரச் சிகிச்சையை மட்டமாகப் பேச அதில் ஆதாரமில்லை. வீட்டுக்குப் பக்கத்தில், உங்கள் பாஷையில், தவறாமல் போகக்கூடிய ஆலோசகர் ஒருவர் இருந்தால் வேலூருக்கு நீங்கள் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இது எல்லாருக்கும் ஏற்றதல்ல. துக்கத்தில் உடைந்தவருக்கு, சிறுவயதில் ஏற்பட்ட காயத்தை மெல்ல மெல்ல வெளியே எடுக்கிறவருக்கு, காலமே மருந்தின் ஒரு பாகம். தற்கொலை எண்ணத்திலோ சித்தம் கலங்கிய நிலையிலோ இருக்கிறவருக்கு முதலில் வேறு பராமரிப்பு வேண்டும். பணமும் ஒரு கேள்விதான். நான் 2022-ல் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். என்னால் தங்க முடிந்தது. தினக்கூலிக்காரர் ஒருவர் 35 நாள் கூலியை எங்கே தேடுவார்? அங்கே எங்களோடிருந்த ஒரு குடும்பம், வேலை போய்விடும் என்று 12-ஆவது நாளே திரும்பிப் போனதைப் பார்த்தேன். உங்களுக்குக் காப்பீடு இருந்தால் கேட்டுப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்குரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். டெலி மானஸ் என்று 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இலவச சேவை, தமிழிலும் பேசுகிறார்கள்.

தங்கிப் பெறுகிற சிகிச்சை என்றவுடன், எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவது என்று யாரும் எண்ணவேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓடமுடியாமல் கருகிப்போனார்கள். வீட்டார் நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்டுப்போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். அந்தச் செய்தியை வாசித்து மற்ற மார்க்கத்தாரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. ஜெபவீடு என்ற பெயரிலும் ஆட்களைக் கட்டிப்போடுகிற இடங்கள் உண்டு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜூன் இரண்டாம் வாரம் நாங்கள் மும்பை திரும்பினோம். ரயிலில் குண்டக்கல்லில் அவள் தேநீரும் பன்னும் வாங்கினாள். சில்லறையை எண்ணி வாங்கிய கையாலேயே பன்னைப் பிய்த்தாள். என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. நான்தான் பழக்கதோஷத்தால் "ஒண்ணும்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

முழுவதும் தீர்ந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. மூன்றாம் மாதம் சந்தில் ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்தபோது பழையபடி கழுவ ஆரம்பித்தாள். உடனே பட்டியலை எடுத்து, தாழ்ப்பாளிலிருந்து மறுபடியும் தொடங்கினார்கள். மாப்பிள்ளை இந்த முறை நோட்டைக் கழுவவில்லை. மாதம் ஒருமுறை தொலைபேசியில் வேலூரோடு பேசுகிறாள். அந்தேரி அம்மையாரிடமும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறாள். இப்போது நானும் உள்ளே போய் உட்காருகிறேன். காலையில் கை கழுவ இன்னும் மற்றவர்களைவிட அதிக நேரந்தான் ஆகிறது. ஆனால் மத்தியானம் டிரம்மில் பாதித் தண்ணீர் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரி கொடுத்த குடங்களுக்குக் கணக்கு வைத்திருந்தாளாம்; ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மறுபரிசோதனைக்கு மறுபடியும் வேலூருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இந்த முறை மகனும் வருகிறான். கோட்டையைப் பார்க்கவேண்டும் என்கிறாள். போன தடவை பொதுக் கழிப்பறைக்குப் பயந்து, 35 நாள் இருந்தும் அகழிக்கு இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டு வந்தோம்.